சாவுக்குக் கொடுக்கப் பணம் உண்டு, காவலுக்குக் கொடுக்க இல்லையா?

சுரங்கச் சோதனைக்கும் மீட்புக்கும் டன்னுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கு!

2022ம் வருஷம் மே மாதம் 14ந் தேதி இரவு. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அடைமிதிப்பான்குளம் கல்குவாரி. பாதாளம் போல வெட்டப்பட்ட குழிக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. மேலிருந்து பாறை சரிந்து விழுந்தது. ஆறு தொழிலாளிகள் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள்.

பாறைக் குழிக்குள் இறங்கி மீட்பதற்கென்றே பயிற்சி பெற்ற படை அங்கே பக்கத்தில் எங்கும் இல்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அரக்கோணம் எங்கே, அடைமிதிப்பான்குளம் எங்கே? தமிழ்நாட்டின் வட கோடியிலிருந்து தென் கோடிக்கு வர வேண்டும்! வந்த வீரர்களைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தார்கள். ஆனால் பாறைக்கு அடியில் கிடக்கிறவனின் மூச்சு, படை வந்து சேரும் வரை காத்திருக்குமா? நால்வர் மாண்டார்கள். கடைசி உடலை வெளியே எடுக்க ஒரு வாரம் பிடித்தது.

மூன்று வருஷம் சென்றது. 2025ம் வருஷம் மே மாதம் 20ந் தேதி சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டைக் குவாரியிலும் பாறை சரிந்தது. இந்தத் தடவை ஆறு உயிர்கள் போயின.

இரண்டு தடவையும் இரங்கல் செய்தி வந்தது. நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. குவாரியை மூடி விசாரணைக்கு உத்தரவு போட்டார்கள். நிவாரணம் கொடுக்கட்டும், இன்னும் கூடுதலாகவே கொடுக்கட்டும். அது செத்தவன் குடும்பத்தின் உரிமை. நாம் கேட்பது வேறு. செத்த மறுநாள் கஜானாவின் கதவு திறக்கிறதே, சாவதற்கு முந்தின நாள் அது ஏன் திறப்பதில்லை? பாறையில் வெடிப்பு விட்டிருக்கிறது, ஆட்களை வெளியேற்று என்று சொல்ல ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பப் பணம் இல்லை. பிணத்தின் மேல் மாலை போட மட்டும் பணம் இருக்கிறது. இது என்ன கணக்கு?

குவாரியும் சுரங்கமே

"இது சுரங்கத் தொழிலாளி விஷயம். நமக்கென்ன?" என்று ஆலைத் தொழிலாளியோ விவசாயத் தொழிலாளியோ நினைத்துவிடக் கூடாது. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் நம் கிராமத்து வாலிபர்கள் எங்கே போகிறார்கள்? குவாரிக்குப் போகிறார்கள். கல் உடைக்கிறார்கள், கம்ப்ரசர் பிடிக்கிறார்கள், வெடிமருந்துக் குழி போடுகிறார்கள், லாரியில் பாரம் ஏற்றுகிறார்கள். ஆலை மூடினால் ஆலைத் தொழிலாளியின் மகனும் அங்கேதான் போகிறான்.

ஆனால் தான் ஒரு சுரங்கத் தொழிலாளி என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1952ம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லிற்று. கட்டடக் கல், ஜல்லி முதலியவற்றை எடுக்கும் சிறிய குழிகளுக்கு அது சில சலுகைகள் கொடுத்தது. அவற்றுக்கும் நிபந்தனைகள் உண்டு. குழியின் ஆழம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வெடி வைக்கவே கூடாது. இவற்றில் ஒன்றை மீறினாலும் அது முழுச் சுரங்கம். சட்டத்தின் எல்லா விதிகளும் பொருந்தும். இன்று எந்தக் குவாரியில் வெடி வைக்காமல் கல் எடுக்கிறார்கள்? எந்தக் குவாரி 6 மீட்டரோடு நிற்கிறது?

முழுச் சுரங்கமானால் என்ன? பக்கச் சுவரைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. படிப்படியாகவோ சரிவாகவோ வெட்டி, சரியாதபடி காக்க வேண்டும் என்று 1961ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. தகுதி பெற்ற மேனேஜர் இருக்க வேண்டும். ஆபத்து என்று கண்டால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி, ஆட்களை வெளியேற்ற உத்தரவிடும் அதிகாரம் சுரங்க இன்ஸ்பெக்டருக்கு உண்டு. எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆலைத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். இன்ஸ்பெக்டர் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்காமல் பாய்லரில் நீராவி ஏற்றக் கூடாது என்பது 1923ம் வருஷத்திலேயே சட்டமாகிவிட்டது. பாய்லர் வெடித்தால் முதலாளியின் கட்டடமும் சேர்ந்து போகும் அல்லவா? அதனால் அதற்கு அந்த மரியாதை! தொழிலாளியின் தலைக்கு மேல் தொங்கும் பாறைக்கு அந்த மரியாதை கிடையாதா?

வசூலிக்கும் கை ஒன்று, காக்கும் கை வேறு

சர்க்கார் ஏன் இப்படி இருக்கிறது? காரணம் சூட்சுமமானதல்ல. பணம் வருகிற பாதையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கல்லுக்குக் குத்தகை கொடுப்பது மாநில சர்க்கார். வெட்டி எடுக்கும் கல்லுக்கு உரிமத் தொகை வாங்குவதும் மாநில சர்க்கார். ஆனால் சுரங்கத்தில் தொழிலாளியின் பாதுகாப்பு, அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 55வது இனமாக இருக்கிறது. அதைக் கவனிப்பது மத்திய தொழிலாளர் மந்திரி இலாகாவின் கீழ் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். அதன் தலைமையகம் ஜார்க்கண்டில் தன்பாத்தில் இருக்கிறது. வசூலிக்கிறவனுக்குக் காக்கிற பொறுப்பு இல்லை. காக்கிறவனுக்கு வசூலில் பங்கு இல்லை. குவாரியில் பிணம் விழுந்தால் மாநிலம் மத்தியைக் கை காட்டும். மத்தி மாநிலத்தைக் கை காட்டும். இரண்டு கைகளுக்கும் நடுவில் தொழிலாளி நசுங்குவான்.

பணம் இல்லை என்கிறார்களா? 2015ம் வருஷம் சட்டம் திருத்தி, மாவட்டக் கனிம நிதி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். ராயல்டிக்கு மேல் ஒரு பங்கைச் சுரங்க முதலாளிகள் அதில் கட்ட வேண்டும். அப்படிச் சேர்ந்த தொகை நாடு முழுவதும் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட கிராம மக்களின் பணம். அதில் கை வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கனிமத்திலிருந்து பணம் திரட்ட முடியும் என்பதற்குச் சாட்சியாகவே சொல்கிறோம்.

இன்னொரு சாட்சி. 2010ம் வருஷம் சுத்த எரிசக்தியின் பேரால் நிலக்கரி மேல் டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டார்கள். 2016ல் அது 400 ரூபாயாயிற்று. வேறு பெயரில் 2025 செப்டம்பர் வரை அது வசூலாயிற்று. தமிழ்நாடு சர்க்காரும் 2025 ஏப்ரல் முதல் கனிமம் உள்ள நிலத்துக்கென்றே தனி வரி போட்டிருக்கிறது. வரி போடத் தெரியும், வசூலிக்கத் தெரியும். நாம் கேட்பதோ டன்னுக்கு ஒரு ரூபாய்!

2024-25ம் வருஷத்தில் இந்தியாவில் 100 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டி எடுக்கப்பட்டது. டன்னுக்கு ஒரு ரூபாய் என்றால், நிலக்கரியில் மட்டும் வருஷத்துக்கு 100 கோடி ரூபாய்க்கு மேல் கிடைக்கும். இரும்பு, சுண்ணாம்புக்கல், கருங்கல், கிரானைட் எல்லாம் இதற்கு மேல். இந்தப் பணத்தில் எத்தனை இன்ஸ்பெக்டர்களை நியமிக்கலாம், எத்தனை மீட்பு நிலையங்களைக் கட்டலாம், எத்தனை பம்புகளைத் தயாராக வைக்கலாம்? நூறு ரூபாய்க் கூலியில் ஒரு ரூபாயை மிச்சம் பிடித்து ஆபத்துக்கு வைக்கத் தெரிந்த நம் தாய்மார்களைக் கேட்டால் மந்திரிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பம்பு இருந்த இடமும் இல்லாத இடமும்

மீட்புக்குச் செலவிடுவதால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

1989ம் வருஷம் நவம்பர் 13ந் தேதி மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்சில் மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 71 பேர் உள்ளே அகப்பட்டார்கள். ஆறு பேர் மூழ்கிவிட்டார்கள். மீதி 65 பேர் மேடான இடத்தில் ஒதுங்கி நின்றார்கள். அது பொதுத்துறைச் சுரங்கம். துளை போடும் யந்திரங்கள் பக்கத்தில் இருந்தன. எஞ்சினீயர்கள் இருந்தார்கள், பட்டறை இருந்தது, இரும்பு வேலை தெரிந்த தொழிலாளிகள் இருந்தார்கள். மேலிருந்து நேராகத் துளை போட்டார்கள். ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இரும்புக் கூண்டு செய்து இறக்கினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற எஞ்சினீயர் தானே முதலில் அந்தக் கூண்டில் இறங்கினார். ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் தான் ஏறினார். 16ந் தேதி 65 பேரும் வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

இப்போது இன்னொரு சம்பவம். 2018ம் வருஷம் டிசம்பர் 13ந் தேதி. மேகாலயாவில் கிழக்கு ஜெயந்தியா மலை மாவட்டம், க்ஸான் கிராமம். எலி வளை என்று சொல்லப்படும் சுரங்கம். 300 அடிக்கு மேல் ஆழமுள்ள கிணறு. அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் ஆள் தவழ்ந்து போகும் அளவே உள்ள பொந்துகள். உள்ளே தண்ணீர் பாய்ந்தது. 15 பேர் அகப்பட்டார்கள். அங்கே கொண்டுவந்தவை 25 குதிரைச் சக்தி பம்புகள். நம் விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள்: ஊற்று நிற்காத கிணற்றை ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் வற்ற வைக்குமா என்று. பக்கத்தில் ஆறு ஓடுகிறது. அந்தப் பம்புகளால் நீர்மட்டம் குறையவில்லை. பெரிய பம்பு வேண்டும் என்று மீட்புப் படையினர் கேட்டார்கள். அவை வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் அந்தப் பதினைந்து வீடுகளில் அடுப்பு அணைந்துவிட்டது. இரண்டு உடல்களை எடுத்தார்கள். 2019 மார்ச்சில் தேடுதலையும் நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்கு அந்தக் குழியே சமாதியாயிற்று.

"அது சட்ட விரோதச் சுரங்கம், சர்க்கார் என்ன செய்யும்?" என்றார்கள். உண்மைதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014ம் வருஷமே அந்தச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. ஆனால் நிலக்கரியை யாரும் மடியில் கட்டிக்கொண்டு போவதில்லை. அது லாரியில், ரஸ்தாவில், பட்டப்பகலில் போகிறது. லாரியைப் பார்க்கக் கண் இல்லாத சர்க்கார், தடை உத்தரவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறது. அதனால்தான் 2019 ஜனவரியில் அதே தீர்ப்பாயம் மேகாலயா சர்க்காரை 100 கோடி ரூபாய் கட்டும்படி உத்தரவிட்டது. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? 2025 ஜனவரி 6ந் தேதி அசாமில் உம்ராங்சோவில் அதே மாதிரிக் குழிக்குள் தண்ணீர் புகுந்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். அவர்களுடைய உடல்களை முழுவதும் எடுத்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

மகாவீரிலும் தண்ணீர்தான், க்ஸானிலும் தண்ணீர்தான். ஒரு இடத்தில் யந்திரமும் ஆளும் பக்கத்தில் இருந்தன. இன்னொரு இடத்தில் எல்லாம் தூரத்தில் இருந்தன. வித்தியாசம் அதுதான்.

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லுவோம்

பொதுத்துறை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டோம். தொழிலாளியிடம் உண்மையை மறைப்பது நம் வழக்கமல்ல.

1975ம் வருஷம் டிசம்பர் 27ந் தேதி தன்பாத் மாவட்டத்தில் சாஸ்நாலா சுரங்கத்தில், மேலே பழைய வெட்டுகளில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்தது. 375 பேர் மாண்டார்கள். அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தை 1972லேயே சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்தது. போர்டு மாறியது, சுவர் மாறவில்லை. வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 36 வருஷம் கழித்து 2012ல் இரண்டு முன்னாள் அதிகாரிகளுக்கு ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. 375 உயிருக்கு நியாயம் இவ்வளவுதான்!

அதோடு முடிந்ததா? 1995 செப்டம்பர் 27ந் தேதி அதே தன்பாத் வட்டாரத்தில் கஸ்லிடாண்டு சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 64 பேர் மாண்டார்கள். 2001 பிப்ரவரி 2ந் தேதி அதே வட்டாரத்தில் பாக்டிகி. பக்கத்துப் பழைய சுரங்கத்தில் நின்ற தண்ணீர் பாய்ந்து 29 பேர் மாண்டார்கள். சுரங்க இன்ஸ்பெக்டர்களின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இத்தனையும்!

ஆகவே ஆபீஸ் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. பழைய வெட்டு எங்கே இருக்கிறது, நடுவில் எவ்வளவு கனத்துக்குச் சுவர் நிற்கிறது என்பதை மேனேஜர் நீட்டும் வரைபடத்தைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. முன்னால் துளை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு யந்திரம் வேண்டும், சர்வேயர் வேண்டும், நாட்கள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். பணமும் யந்திரமும் இல்லாத இன்ஸ்பெக்டர் கம்பெனி ஜீப்பில் வந்து, கம்பெனி வரைபடத்தைப் பார்த்து, கம்பெனி கொடுக்கும் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான்.

முதலாளி கட்டட்டும், முதலாளி கையில் இருக்கக் கூடாது

நம் தோழர்களிலேயே சிலர் நியாயமான ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "லாபம் முதலாளிக்குப் போகிறது. பாதுகாப்புக்கு மட்டும் பொதுப்பணத்தை ஏன் செலவிட வேண்டும்? அவனே செலவு செய்யட்டுமே!"

செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். அதில் நமக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அவன் கொடுக்கும் பணம் அவன் கையாலேயே செலவானால் என்ன ஆகும்? 1906ம் வருஷம் பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 10ந் தேதி வெடிப்பு. 1,099 பேர் மாண்டார்கள். கம்பெனியின் பேரில் நடந்த தேடுதல் மூன்று நாளில் கைவிடப்பட்டது. உள்ளே உயிர் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இருபது நாள் கழித்து 13 பேர் இருட்டில் தாங்களே வழி தேடி வெளியே நடந்து வந்தார்கள்! உள்ளே இன்னும் எத்தனை பேர் நம்பிக்கையோடு காத்திருந்து செத்தார்களோ, யார் கண்டது? அந்தச் சமயம் எல்லை தாண்டி மீட்புக்கு ஓடி வந்தவர்களில் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகளும் இருந்தார்கள். இரண்டு தேசத்து முதலாளிகளும் ஒருவரை ஒருவர் பகைவர் என்றார்கள். தொழிலாளிக்குப் பாறைக்கு அடியில் கிடந்தவன் சகோதரன்.

ஆகவே பணம் முதலாளியிடமிருந்து வர வேண்டும். அதிகாரம் பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும். இது புதுமையும் அல்ல. 1936ம் வருஷம் ராணிகஞ்சு வட்டாரத்தில் பொய்டி சுரங்கத்தில் 209 பேர் மாண்டார்கள். நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. அதன் பிறகு 1939ல், வெட்டிய இடத்தை மணல் கொட்டி நிரப்புவதற்காக, சுரங்கத்திலிருந்து வெளியேறும் நிலக்கரி மேல் தீர்வை விதித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் சர்க்காரே செய்யச் சம்மதித்ததைச் சுதந்திர சர்க்கார் செய்ய மறுத்தால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

அமெரிக்காவைப் பார்!

எதற்கெடுத்தாலும் அமெரிக்காவைப் பார் என்கிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். சரி, பார்ப்போம். முதலாளித்துவத்தின் கோட்டையான அந்த நாட்டில் 1968ம் வருஷம் பார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டார்கள். மறு வருஷம் மேற்கு வர்ஜீனியாத் தொழிலாளிகள், நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு கேட்டு, பல்லாயிரக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கொந்தளிப்பில்தான் சட்டம் வந்தது. பூமிக்கு அடியில் உள்ள ஒவ்வொரு சுரங்கத்தையும் வருஷத்துக்கு நான்கு தடவை, மேலே உள்ள ஒவ்வொரு குவாரியையும் இரண்டு தடவை முழுமையாகச் சோதித்தே தீர வேண்டும் என்று 1977ம் வருஷத்துச் சட்டம் எண்ணிக்கையோடு சொல்கிறது. நம் 1952ம் வருஷத்துச் சட்டத்தில் அப்படி ஒரு எண்ணிக்கை உண்டா? கிடையாது.

2006 ஜனவரி 2ந் தேதி சேகோ சுரங்கத்தில் வெடிப்பு. மீட்புப் படை உள்ளே போகவே சுமார் 11 மணி நேரம் ஆயிற்று. அகப்பட்ட 13 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அதே வருஷம் புதிய சட்டம் வந்தது: பூமிக்கடி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் மீட்புப் படை இருக்க வேண்டும். ஒரு மணி நேரம்! அரக்கோணத்திலிருந்து அடைமிதிப்பான்குளத்துக்கு எத்தனை மணி நேரம்?

ஆனால் சட்டம் மட்டும் போதும் என்று அங்கேயும் ஏமாற முடியவில்லை. 2010ல் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் மாண்டார்கள். கம்பெனித் தலைவனுக்கு ஓராண்டுச் சிறை. முதலாளிகள் அங்கேயும் இன்ஸ்பெக்டர்களின் கையைக் கட்டப் பார்க்கிறார்கள். தொழிலாளிகள் அவிழ்க்கப் போராடுகிறார்கள். போராடிப் பெற்றதைப் போராடியே காக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டரை 'வசதி செய்பவர்' ஆக்கினார்கள்

நம் நாட்டில் இன்று காற்று எந்தத் திசையில் அடிக்கிறது? 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்திருந்த நேரத்தில், தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2025 நவம்பர் 21ந் தேதி அதை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சுரங்கச் சட்டம் அதற்குள் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் இனிமேல் வெறும் இன்ஸ்பெக்டர் இல்லை. 'இன்ஸ்பெக்டரும் வசதி செய்து கொடுப்பவரும்' என்று அவருக்குப் புதுப் பட்டம். யாருக்கு வசதி? எந்தத் தொழிலாளியாவது தனக்கு வசதி செய்யச் சொல்லி மனுப்போட்டானா? போலீஸ்காரனுக்குத் 'திருடனின் நண்பன்' என்றும் ஒரு பட்டம் கொடுத்தால் ஊர் சிரிக்காதா?

"இன்ஸ்பெக்டர் ராஜ்யம் தொழிலைக் கெடுக்கிறது" என்பது முதலாளிகளின் பல்லவி. லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர் இல்லையா என்று கேட்கிறார்கள். உண்டு. அவனுக்கு லஞ்சம் கொடுப்பவன் யார்? குவாரித் தொழிலாளியா? லஞ்சம் கொடுத்தவனே லஞ்சத்தைக் காட்டிச் சோதனையே வேண்டாம் என்கிறான்! லஞ்சத்துக்கு மருந்து வேறு. அது தொழிலாளியின் கண். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கங்களில் தொழிற்சங்கத்தைக் கலந்து தொழிலாளர் இன்ஸ்பெக்டர்களை நியமிக்க வேண்டும், நூறு பேருக்கு மேல் இருந்தால் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்று 1955ம் வருஷத்து விதிகளில் பின்னால் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் இருபது முப்பது பேர் வேலை செய்யும் கல்குவாரியில்? சங்கமும் இல்லை, கமிட்டியும் இல்லை, தொழிலாளர் இன்ஸ்பெக்டரும் இல்லை. பாறை மட்டும் ஆள் கணக்குப் பார்த்து விழுவதில்லை.

"தொழிலாளியின் அஜாக்கிரதை" என்பது இன்னொரு பல்லவி. செங்குத்தாக வெட்டச் சொன்னது யார்? இரவிலும் ஆள் இறக்கியது யார்? நாளைக் கூலியை விட்டால் அடுப்பு எரியாது என்று தெரிந்தே குழிக்குள் இறங்குகிறவனைப் பார்த்து அஜாக்கிரதை என்று சொல்ல, நாக்குக் கூச வேண்டாமா?

நாம் கேட்பது

தோழர்களே! நம் கோரிக்கைகள் இவை:

வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் கனிமத்துக்கும் ஒரு ரூபாய் பாதுகாப்புத் தீர்வை வசூலிக்க வேண்டும். அது சோதனைக்கும் மீட்புக்கும் தவிர வேறு எதற்கும் போகக் கூடாது. அதன் கணக்கு ஒவ்வொரு வருஷமும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

சுரங்க இன்ஸ்பெக்டர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை என்று மாவட்ட வாரியாகச் சர்க்கார் அறிவிக்க வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும். பூமிக்கடிச் சுரங்கத்துக்கு வருஷம் நான்கு தடவையும், குவாரிக்கு இரண்டு தடவையும் சோதனை கட்டாயம் என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

குவாரிகள் மிகுந்த ஒவ்வொரு வட்டாரத்திலும், எந்தக் குவாரிக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும்படி, பொதுப்பணத்தில் நடக்கும் மீட்பு நிலையம் வேண்டும். பெரிய பம்பு, துளை யந்திரம், பாறை தூக்கும் கிரேன், பயிற்சி பெற்ற ஆட்கள் அங்கே இரவும் பகலும் தயாராக இருக்க வேண்டும். அந்த ஆட்களில் சுரங்கத் தொழிலாளிகளும் இருக்க வேண்டும். பாறையின் குணம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டரின் சான்று இல்லாத குவாரிக்கு மாநில சர்க்கார் லாரி அனுமதிச் சீட்டுக் கொடுக்கக் கூடாது. வசூலிக்கும் கையும் காக்கும் கையும் இப்படித்தான் ஒன்றாகும்.

பத்துப் பேர் வேலை செய்யும் குவாரியிலும், தொழிலாளிகள் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

இவை பெரிய கோரிக்கைகளா? டன்னுக்கு ஒரு ரூபாய், ஒரு மணி நேரம், ஆபத்தைப் பார்க்க ஒரு கண். இவ்வளவுதான்.

கோலார் தங்கவயலில் பாறை வெடிப்பில் உயிர் விட்டவர்களில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் பாட்டன்மார் எத்தனை பேர்! அந்தச் சுரங்கத்தை 2001ல் மூடிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய பேரன்மார் இன்று நம் ஊர்க் குவாரிகளில் அதே பாறைக்கு அடியில்தான் நிற்கிறார்கள். பாட்டன் செத்ததற்கு வெள்ளைக்காரக் கம்பெனியைச் சொன்னோம். பேரன் செத்தால் யாரைச் சொல்வது?

விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களிலும் ஆலை வாயிலிலும் இந்தக் கோரிக்கைகளைப் படியுங்கள். தீர்மானம் போட்டுக் கலெக்டருக்கும் தொழிலாளர் மந்திரிக்கும் அனுப்புங்கள். உங்கள் ஊர்க் குவாரியைப் போய்ப் பாருங்கள். சுவர் செங்குத்தாக நிற்கிறதா, படி வெட்டியிருக்கிறதா, கடைசியாக இன்ஸ்பெக்டர் எப்போது வந்தார் என்று அங்கே வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். கேட்டதை எழுதி சங்கத்தில் கொடுங்கள். அவர்களைச் சங்கத்தில் சேருங்கள். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் குவாரித் தொழிலாளியும் ஒரே குரலில் கேட்டால், சர்க்காரின் கஜானாக் கதவு பிணம் விழும் வரை காத்திருக்காமல் முன்னாலேயே திறக்கும்.

அடுத்த பாறை சரிவதற்கு முன்னால் அதைத் திறக்கச் செய்வோம்!